நேற்று முன்தினம் என்ன செய்தீர்கள்?

மூன்று இதழ்களுக்கு முன்பு, காய்ச்சல் விட்ட பிறகும் விடாத களைப்பைப் பற்றி இந்தப் பகுதியில் நான்கு வரி எழுதினேன். இத்தனை ஆண்டுகளில் வேறு எதற்கும் வராத அளவுக்கு அதற்குக் கடிதங்கள் வந்துவிட்டன. பல கடிதங்கள் ஒரே மூச்சில் எழுதப்பட்டவை அல்ல. நடுவில் மையின் நிறம் மாறியிருக்கிறது, வரி சரிந்திருக்கிறது. "இதை நான்கு நாட்களாக எழுதிக்கொண்டிருக்கிறேன்" என்று ஒருவர் ஓரத்தில் குறித்திருக்கிறார். மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இந்த முறை பகுதி முழுவதையும் நாட்பட்ட சோர்வு நோய்க்குறிக்கே கொடுக்கிறேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், பெயர்களை எடுத்துவிட்டேன்.

*

கேள்வி: நான் ஆசிரியை. வயது 34. ஒன்றரை ஆண்டுக்கு முன் கடுமையான வைரஸ் காய்ச்சல் வந்து பத்து நாளில் விட்டது. ஆனால் பழைய உடம்பு திரும்பவில்லை. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் விடிய விடிய விழித்திருந்தவள் போல இருக்கிறேன். பாடம் நடத்தும்போது நன்றாகத் தெரிந்த சொல் வாயில் வரமாட்டேன் என்கிறது. மூன்று மருத்துவர்களைப் பார்த்தேன். மூவரும் "எல்லாம் நார்மல்" என்றார்கள். வீட்டில் இப்போது 'சோம்பல்' என்ற சொல் புழங்க ஆரம்பித்திருக்கிறது. எனக்கு என்னதான் ஆகியிருக்கிறது?

பதில்: நேரில் பார்க்காமல் நோய்க்குப் பெயர் வைக்கமாட்டேன், சகோதரி. நீங்கள் நேரில் வந்திருந்தால் நான் முதலில் கேட்டிருக்கும் கேள்வியை இங்கேயே கேட்கிறேன். சமீபத்தில் மிக மோசமாக இருந்த ஒரு நாளை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்தைய இரண்டு நாட்களில் என்ன செய்தீர்கள்?

"எவ்வளவு சோர்வாக இருக்கிறது?" என்று கேட்டுப் பயனில்லை. இரத்தசோகையிலும் சோர்வு உண்டு. தைராய்டு குறைந்தாலும் உண்டு, துக்கத்திலும் உண்டு. இந்த நோயைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம் வேறு ஒன்று: செய்த வேலைக்கு உடம்பு பிற்பாடு வசூலிக்கும் வட்டி. விடைத்தாள்களைத் திருத்தி முடிக்கிறீர்கள், ஒரு திருமணத்துக்குப் போய்வருகிறீர்கள். அன்று இரவு பெரிதாக ஒன்றும் தெரியாது. 12 மணி நேரம் கழித்தோ, இரண்டு நாள் கழித்தோ கந்துவட்டிக்காரன் வாசலில் வந்து நிற்கிறான். தொண்டை வலிக்கிறது, கழுத்தில் நெறி கட்டுகிறது, காய்ச்சல் வரப்போவது போல உடம்பு முறிக்கிறது, வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது. வாசித்த வரி மனத்தில் நிற்பதில்லை. இது ஒரு நாளில் தீரலாம்; வாரக்கணக்கிலும் நீளலாம். நோயாளிகள் இதைக் 'கிராஷ்' என்கிறார்கள். நான் 'சரிவு' என்று சொல்லிப் பழகிவிட்டேன்.

தூக்கிச் சுமந்தால்தான் சரிவு வரும் என்பதில்லை. ஒரு மணி நேரம் கவனமாகக் கணக்குப் போட்டாலும் வரும். ஒரு சண்டை, இரைச்சலான ஒரு கூடம், சில நேரம் குளியல்கூடப் போதும். இரண்டு நாள் இடைவெளி இருப்பதால் நோயாளிக்கே காரணம் புரிவதில்லை. வியாழக்கிழமை படுத்தவர் புதன்கிழமையைத்தான் சந்தேகப்படுகிறார். காரணமோ செவ்வாய்க்கிழமையில் இருக்கிறது.

2015-இல் அமெரிக்காவின் மருத்துவக் கழகம் வகுத்த வரையறை எளிமையானது. முன்பு செய்த வேலைகளைச் செய்ய முடியாத அளவுக்கு, ஓய்வெடுத்தாலும் தீராத புதிய சோர்வு ஆறு மாதங்களுக்கு மேல் இருக்க வேண்டும். நான் மேலே சொன்ன சரிவு இருக்க வேண்டும். தூங்கி எழுந்தும் புத்துணர்ச்சி இல்லாமை இருக்க வேண்டும். இவற்றோடு, சிந்தனையும் நினைவும் மந்தமாதல் அல்லது நிமிர்ந்து நின்றால் உடம்பு மோசமாதல், இந்த இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும். பிரிட்டனில் 2021 முதல் ஆறு மாதம் காத்திருப்பதில்லை. மூன்று மாதத்திலேயே நோயை உறுதிசெய்யலாம் என்கிறார்கள். எனக்கும் அதுவே சரி என்று படுகிறது. ஆரம்ப மாதங்களில் தெரியாமல் தன்னைத் தானே உந்தித் தள்ளுகிறவர்கள்தான் பிறகு ஆழமாக விழுகிறார்கள் என்பதை என் அறையிலேயே திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

"எல்லாம் நார்மல்" என்ற சொல்லைக் கேட்டு நொந்துபோகாதீர்கள். இந்த நோயை உறுதிசெய்ய இரத்தப் பரிசோதனை என்று ஒன்று இன்னும் இல்லை. உங்களுக்குச் செய்த பரிசோதனைகள் வேறு நோய்களைத் தேடின; அவை இல்லை என்று தெரிந்தது. அவ்வளவுதான் அந்தச் சொல்லுக்குப் பொருள்.

ஒரு சிறிய நோட்டு வாங்குங்கள். இரண்டு வாரம், ஒரு பக்கத்தில் அன்று செய்ததை எழுதுங்கள். எதிர்ப்பக்கத்தில் உடம்பு இருந்த விதத்தை எழுதுங்கள். நான்கு சொல் போதும். பிறகு ஒவ்வொரு மோசமான நாளிலிருந்தும் இரண்டு நாள் பின்னால் விரலை நகர்த்திப் பாருங்கள். அந்த நோட்டோடு மருத்துவரிடம் போனால் பேச்சே வேறு மாதிரி நடக்கும்.

*

கேள்வி: என் மனைவிக்கு இந்த நோய் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார்கள். தினமும் நடக்க வேண்டும், வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டிக்கொண்டே போக வேண்டும் என்று மருத்துவர் எழுதிக்கொடுத்தார். நான்தான் கையைப் பிடித்து அழைத்துப்போனேன். ஐந்தாவது வாரம் படுத்தவள் இன்னும் சரியாக எழவில்லை. "உன் முயற்சி போதவில்லையோ" என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன். அதிலிருந்து என்னோடு அதிகம் பேசுவதில்லை. நடையைத் தொடரலாமா?

பதில்: நடையை இன்றோடு நிறுத்துங்கள். மற்றதைப் பிறகு பேசுவோம்.

உங்களைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. பதினெட்டு ஆண்டுகளுக்கு முன், கணக்கு எழுதும் வேலை பார்த்த ஒரு பெண் என்னிடம் வந்தார். உங்கள் மனைவிக்கு எழுதிக்கொடுத்ததையே நான் அவருக்கு எழுதிக்கொடுத்தேன். முதல் வாரம் 10 நிமிடம், அடுத்த வாரம் 15. மூன்றாவது வாரம் சுவரைப் பிடித்தபடி உள்ளே வந்தார். ஐந்தாவது வாரம் அவருடைய தம்பி மட்டும் வந்தார். அன்று அந்தப் பெண்ணின் கோப்பில் 'ஒத்துழைப்பு போதவில்லை' என்று எழுதினேன். அந்தத் தாள் இன்றும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அவர் ஒத்துழைக்காமல் இல்லை. நான் சொன்ன அத்தனை நிமிடமும் நடந்தார். நடந்ததால்தான் விழுந்தார்.

இதை விளக்க ஒரு சோதனை இருக்கிறது. ஒருவரை மிதிவண்டிப் பொறியில் உட்காரவைத்து, முகமூடி மாட்டி, அவர் இழுக்கும் ஆக்சிஜனை அளக்கிறார்கள். மறுநாள் அதே நேரத்தில் அதே சோதனையைத் திரும்பச் செய்கிறார்கள். நோயில்லாதவர்கள், உடற்பயிற்சியே செய்யாமல் உட்கார்ந்து வாழ்கிறவர்கள்கூட, இரண்டாம் நாளும் ஏறக்குறைய முதல் நாளைப் போலவே செய்கிறார்கள். இந்த நோயாளிகளில் பலருக்கு இரண்டாம் நாள் அளவு இறங்கிவிடுகிறது. சும்மா படுத்திருந்து தசை பலவீனமானவருக்கு இப்படி ஒரே இரவில் இறங்காது. "படுத்துப் படுத்துத்தான் இப்படி ஆகிவிட்டாள், எழுந்து நடந்தால் சரியாகிவிடும்" என்ற வாதம் இந்த இடத்தில் உடைகிறது. சந்தேகம் தீர்த்துக்கொள்ள என்று இந்தச் சோதனையை யாரும் கேட்டுப் போக வேண்டாம். சோதனையே ஒரு பெரிய சரிவைக் கொண்டுவரக்கூடும்.

உங்கள் மருத்துவர் அந்த யோசனையைத் தானாகக் கற்பனை செய்திருக்கமாட்டார். 2011-இல் பிரிட்டனில் 641 நோயாளிகளை வைத்து நடத்திய 'பேஸ்' என்ற பெரிய ஆய்வு, படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சியும் எண்ணங்களைத் திருத்தும் உளவியல் சிகிச்சையும் பலன் தருவதாகச் சொன்னது. உலகமெங்கும் மருத்துவர்கள் அதை நம்பினோம். நோயாளிகள்தாம் நம்பவில்லை. அவர்கள் ஆய்வை வரிவரியாகப் படித்தார்கள். ஆய்வுத் திட்டத்தில் முதலில் வகுத்திருந்த 'குணமானவர்' என்பதற்கான அளவுகோல் பிறகு தளர்த்தப்பட்டிருந்தது. உடல் இயக்கத்துக்கு 65-க்கு மேல் மதிப்பெண் எடுத்தவரை ஆய்வில் சேர்க்கவில்லை. ஆனால் முடிவில் 60 எடுத்தாலே அந்தக் கணக்கில் தேறியவராகலாம். சேர்ந்தபோது இருந்ததைவிட மோசமாகிக் 'குணமடைந்தவர்' ஆக முடியும்! 2016-இல் தீர்ப்பாயத்தின் உத்தரவால் மூலத் தரவுகள் வெளிவந்தன. மறு கணக்கில் 'குணமடைதல்' பற்றிய முடிவுகள் நிற்கவில்லை. 2021 அக்டோபரில் பிரிட்டனில் மருத்துவர்களுக்கு வழிகாட்டுதல் வகுக்கும் 'நைஸ்' அமைப்பு தன் வழிகாட்டுதலைத் திருத்தி, இந்த நோயாளிகளுக்குப் படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சியைப் பரிந்துரைக்கக் கூடாது என்று எழுதியது. உளவியல் ஆலோசனை வேண்டுமானால் நோயோடு வாழத் துணையாக இருக்கலாம். அது நோயைத் தீர்க்கும் மருந்து அல்ல என்றும் எழுதியது.

நடைக்குப் பதிலாக என்ன? அளந்து வாழ்தல். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இங்கே ஒவ்வொரு நாளும் அப்படித்தான். உங்கள் மனைவியால் சரிவு வராமல் இருபது நிமிடம் உட்கார்ந்து பேச முடிகிறது என்றால், பதினைந்தில் நிறுத்த வேண்டும். களைத்த பிறகு ஓய்வெடுப்பது தாமதம். களைக்கும் முன்பே ஓய்வெடுக்க வேண்டும். குளிக்கும்போது உட்கார ஒரு முக்காலி வையுங்கள். தலைமுடி அலசும் நாளில் வேறு வேலை எதுவும் வேண்டாம். இதில் மிகக் கடினமானது நல்ல நாள்தான். இன்று தெம்பாக இருக்கிறதே என்று விட்டுப்போன வேலைகளையெல்லாம் இழுத்துப் போட்டுச் செய்வார். அங்கேதான் அடுத்த பத்து நாள் படுக்கை தொடங்கும். அந்த நாளில் அவரைத் தடுத்து உட்காரவைப்பது உங்கள் பொறுப்பு. உடம்பு மெல்லத் தேறினால், செய்யும் அளவைக் கூட்டுவதை அவரே தீர்மானிக்கட்டும். அட்டவணைக்கு அங்கே வேலை இல்லை.

பேசுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பேசுவதும் உழைப்புதான், கோபத்தால் மட்டும் அவர் மௌனமாக இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் நீங்கள் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. "நான் கேட்டது தவறு, நீ முயன்றதால்தான் இப்படி ஆனது." பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே ஒரு முறை, மெதுவாகச் சொல்லுங்கள். பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம். நான் அந்தக் கணக்காளப் பெண்ணிடம் சொல்லப் போனபோது ஏழு ஆண்டுகள் கடந்திருந்தன.

*

கேள்வி: தினமும் மாலையில் வேலை முடிந்து வந்ததும் அப்படியே சாய்ந்துவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் வரை தூங்கினால்தான் சரியாகிறது. உடற்பயிற்சி செய்த நாளில் நன்றாக இருக்கிறது. எனக்கும் இந்த நோய் இருக்குமோ?

பதில்: தூங்கினால் சரியாகிறது, உடற்பயிற்சி செய்தால் தெம்பு வருகிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். இந்த நோய் உள்ளவரின் உடம்பு இதற்கு நேர் எதிராக நடந்துகொள்ளும். உங்களுக்குத் தூக்கக் கடன் ஏறியிருக்கிறது என்றுதான் தோன்றுகிறது. ஒரு மாதம் நேரத்தோடு படுத்துப் பாருங்கள். அப்படியும் சோர்வு நீடித்தால் இரத்தத்தில் ஹீமோகுளோபின், இரும்புச் சேமிப்பு, தைராய்டு, சர்க்கரை, சிறுநீரகம், கல்லீரல், கால்சியம், பி12, அழற்சியைக் காட்டும் அளவுகள் ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். குறட்டை விடுகிறீர்கள், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது என்று வீட்டில் யாராவது சொன்னால் அதையும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். எடை குறைந்துகொண்டே போவது, இரவில் உடை நனைய வியர்ப்பது, நாட்கணக்கில் விடாத காய்ச்சல், இவற்றில் ஒன்று இருந்தாலும் ஒரு மாதம் காத்திருக்காதீர்கள்.

*

கேள்வி: என் மகளுக்கு வயது 15. சுரப்பிக் காய்ச்சல் வந்து ஏழு மாதமாகிறது. காலை வணக்கக் கூட்டத்தில் நிற்கும்போது நெஞ்சு படபடக்கிறது, கண் இருட்டுகிறது என்கிறாள். படுத்தால் சரியாகிவிடுகிறது. இரத்த அழுத்தம் சரியாக இருப்பதாகச் சொல்லி, "பள்ளிக்குப் போகப் பிடிக்கவில்லை போல" என்று பள்ளியிலும் மருத்துவரிடத்திலும் ஒரே குரலில் சொல்கிறார்கள். அவள் அழுகிறாள்.

பதில்: உங்கள் மகள் சொல்வதை அப்படியே நம்புங்கள், அம்மா. 'நின்றால் மோசம், படுத்தால் தேவலை' என்று ஒரு குழந்தை தானே கவனித்துச் சொன்னால் அது ஒரு மருத்துவக் குறிப்பு. உட்காரவைத்து எடுத்த இரத்த அழுத்தத்தில் இது அகப்படாது.

மருத்துவரின் அறையிலேயே இதை அளக்கலாம். பெரிய கருவி வேண்டாம். சில நிமிடம் படுக்கவைத்து நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் எடுக்க வேண்டும். பிறகு எழுந்து சுவரில் தோள் சாய்த்து அசையாமல் நிற்கச் சொல்லி, பத்து நிமிடம் வரை நிமிடத்துக்கு நிமிடம் எடுக்க வேண்டும். இரத்த அழுத்தம் இறங்காமல், துடிப்பு மட்டும் நிமிடத்துக்கு 30 அல்லது அதற்கு மேல் ஏறி அங்கேயே நின்றால் அதற்கு 'பாட்ஸ்' என்று பெயர். 12 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கு இந்த எல்லை 40. நிற்கும்போது இரத்தம் கால்களில் தேங்க, மூளைக்கு அனுப்ப இதயம் அரக்கப் பரக்க அடித்துக்கொள்கிறது. அதுதான் அவள் சொல்லும் படபடப்பு. மயக்கம் வருவது போல இருந்தால் உடனே நிறுத்திப் படுக்கவைக்க வேண்டும். ஆகவே வீட்டில் தனியாகச் செய்து பார்க்க விடாதீர்கள்.

நாட்பட்ட சோர்வு நோய்க்குறி உள்ள பலருக்கும், பிள்ளைகளுக்குக் குறிப்பாக, இந்தத் தொல்லை சேர்ந்தே வருகிறது. அந்த நோய்க்கு மருந்து இல்லாவிட்டாலும் இதற்கு வழி உண்டு. கூடுதல் தண்ணீர், மருத்துவர் அனுமதித்தால் கூடுதல் உப்பு, காலை இறுக்கிப் பிடிக்கும் காலுறை, தேவைப்பட்டால் துடிப்பைத் தணிக்கும் மாத்திரை. இந்த ஒன்று அடங்கினாலே நாளில் பாதி திரும்பக் கிடைத்தது போல இருக்கிறது என்று என்னிடம் வரும் பிள்ளைகள் சொல்வார்கள்.

சுரப்பிக் காய்ச்சலுக்குக் காரணமான எப்ஸ்டீன்-பார் வைரஸ், இந்த நோயைத் தொடங்கிவைப்பதில் பேர்போனது. ஆஸ்திரேலியாவில் டப்போ என்ற ஊரில் இதையும் வேறு இரண்டு தொற்றுகளையும் பெற்ற 253 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஆறு மாதம் கழித்து 11 சதவீதம் பேர் இந்த நோயின் வரையறைக்குள் இருந்தார்கள். யார் விழுவார் என்பதை முன்கூட்டிக் காட்டியது தொற்றின் கடுமைதான். அவர்களுடைய மனநல வரலாறு எதையும் காட்டவில்லை. 2006-இல் வெளியான ஆய்வு இது. "பள்ளி பிடிக்கவில்லை போல" என்று அடுத்த முறை யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

பள்ளியில் மூன்று சலுகை கேளுங்கள்: கூட்டத்தில் உட்கார அனுமதி, பாதி நாள் வகுப்பு, தேர்வில் கூடுதல் நேரமும் நடுவே படுக்க இடமும். ஒரு வருடம் பிந்தினால் என்ன ஆகிவிடும்? இந்த நோயில் பிள்ளைகள் பெரியவர்களைவிட அதிகமாகத் தேறுகிறார்கள். அந்த வாய்ப்பை வருகைப் பதிவேட்டுக்காகக் கெடுத்துவிடக் கூடாது.

*

கேள்வி: என் மருமகள் எந்நேரமும் படுத்தே இருக்கிறாள். கேட்டால் ஏதோ வாயில் நுழையாத பெயரைச் சொல்கிறார்கள். எங்கள் காலத்தில் இப்படி ஒரு நோயை யாரும் கேள்விப்பட்டதில்லை. இது மனதில் இருப்பதுதானே, டாக்டர்? எனக்கு 71 வயது. உண்மையைத் தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

பதில்: தெரிந்துகொள்ளக் கேட்கிறேன் என்று எழுதினீர்கள் பாருங்கள், அதற்காகவே விரிவாகச் சொல்கிறேன், அம்மா. உங்கள் காலத்திலும் இது இருந்தது. 1955 ஜூலையில் லண்டனில் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் ஊழியர்கள் அடுத்தடுத்துப் படுத்தார்கள். மொத்தம் 292 பேர். தாதியரும் மருத்துவர்களும் அதில் அடக்கம். மருத்துவமனையையே சில மாதங்கள் மூட வேண்டியதாயிற்று. மறு ஆண்டு அந்த நோய்க்கு 'மயால்ஜிக் என்செஃபலோமயலைட்டிஸ்' என்று பெயர் முன்மொழியப்பட்டது. நீங்கள் சொல்லும் வாயில் நுழையாத பெயர் அதுவாகத்தான் இருக்கும், சுருக்கி எம்.இ. என்பார்கள். அங்கே தொற்றுநோய் மருத்துவராக இருந்த மெல்வின் ராம்சே அந்த நோயாளிகளைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்தார். சிறிதளவு உழைத்தாலும் தசை தன் பலத்தைத் திரும்பப் பெற மூன்று, நான்கு, ஐந்து நாட்கள் ஆகின்றன என்று அவர் எழுதிவைத்தார். நான் இந்தப் பகுதி முழுவதும் சொல்லிக்கொண்டிருக்கும் சரிவை அவர் அப்போதே கண்டுவிட்டார்.

உலக சுகாதார நிறுவனம் 1969-இல் இதை நரம்பு மண்டல நோய்களின் வரிசையில் சேர்த்தது. மறு ஆண்டே இரண்டு மனநல மருத்துவர்கள், அந்த நோயாளிகளில் ஒருவரையும் நேரில் பரிசோதிக்காமல், பழைய கோப்புகளைப் படித்துவிட்டு, இது கூட்டு ஹிஸ்டீரியா என்று எழுதினார்கள். நோயாளிகளில் பெண்கள் அதிகம் என்பது அவர்கள் காட்டிய காரணங்களில் ஒன்று! இதை எழுதும்போது இன்றும் எனக்குக் கை நடுங்குகிறது. அந்தக் கட்டுரையின் நிழல் ஐம்பது ஆண்டுகள் நீண்டது. 1988-இல் அமெரிக்காவில் வைத்த 'நாட்பட்ட சோர்வு' என்ற பெயரும் உதவவில்லை. சோர்வு எல்லோருக்கும் தெரிந்த ஒன்று. அந்தப் பெயரைக் கேட்டதும் "எனக்கும்தான் சோர்வாக இருக்கிறது" என்று சொல்லத் தோன்றிவிடுகிறது.

நோய் எப்படி உண்டாகிறது என்பது முழுதாக விளங்கிவிடவில்லை. ஆனால் 2025-இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தினர் வெளியிட்ட 'டீகோட் எம்.இ.' ஆய்வு, 15,579 நோயாளிகளின் மரபணுவை நோயில்லாதவர்களுடையதோடு ஒப்பிட்டு, எட்டு இடங்களில் வேறுபாடு கண்டது. அவற்றில் பல, நோய் எதிர்ப்பையும் நரம்பு மண்டலத்தையும் சேர்ந்தவை. வெறும் பாசாங்கு என்றால் மரபணுவில் இப்படித் தடயம் இருக்குமா? கொரோனாவுக்குப் பிறகு உலகமெங்கும் எழுந்திருக்க முடியாமல் போனவர்களில் பலரும் இதே வரையறைக்குள் வருகிறார்கள்.

உங்கள் மருமகளுக்கு மனச்சோர்வும் கூடவே இருக்கலாம். இப்படி முடங்கிக் கிடப்பவருக்கு இல்லாவிட்டால்தான் வியப்பு. அதற்கும் சிகிச்சை உண்டு. வேறுபாடு அறிய ஒரு வழி சொல்கிறேன். "உடம்பு நன்றாகிவிட்டால் நாளைக்கு என்ன செய்வாய்?" என்று அவரிடம் கேளுங்கள். ஆழ்ந்த மனச்சோர்வில் இருப்பவருக்குப் பெரும்பாலும் எதிலும் ஆசை எழாது. இந்த நோயாளிகள் நீண்ட பட்டியல் ஒன்றை வைத்திருப்பார்கள்.

*

கேள்வி: மூன்று மாதத்தில் முழுக் குணம் என்று ஒரு சிகிச்சைக்குப் பெரும் தொகை கேட்கிறார்கள். சேரலாமா?

பதில்: வேண்டாம். இந்த நோயைக் குணப்படுத்தும் மருந்து என்று நிரூபிக்கப்பட்ட ஒன்று இன்று உலகில் எங்கும் இல்லை. ரிட்டுக்ஸிமாப் என்ற மருந்தின் கதையைக் கேளுங்கள். நார்வேயில் சிறிய ஆய்வுகளில் அது அருமையாக வேலை செய்வதாகத் தோன்றியது. நோயாளிகள் கண்ணீர் விட்டு மகிழ்ந்தார்கள். பிறகு அதே மருத்துவர்கள் 151 பேரிடம் முறையாகச் சோதித்து, வெற்று மருந்தைவிட அது மேலானது அல்ல என்று 2019-இல் தாங்களே அறிவித்தார்கள். நாணயமானவர்கள் அப்படித்தான் செய்வார்கள். உங்களிடம் தொகை கேட்பவரிடம் அப்படி ஒரு சோதனை நடந்ததா என்று கேட்டுப் பாருங்கள். தூக்கம், வலி, தலைவலி, படபடப்பு ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே மருந்து உண்டு. உங்கள் மருத்துவரிடம் அவற்றைக் கேட்டுப் பெறுங்கள். இந்த நோயாளிகளில் பலருக்கு வழக்கமான அளவு மருந்தே தாங்காது. மிகக் குறைந்த அளவில் தொடங்கச் சொல்லுங்கள். அந்தப் பணத்தை, வீட்டு வேலைக்கு ஓர் ஆள் வைத்துக்கொள்ளப் பயன்படுத்துங்கள்.

*

கேள்வி: என் அக்கா இரண்டு ஆண்டுகளாக இருட்டறையில் படுத்திருக்கிறாள். வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது. சில நாட்களில் பேசவும் முடிவதில்லை. நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அவளுக்கு என்ன செய்வது என்றே தெரியவில்லை.

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். இந்த நோயாளிகளில் குறைந்தது நான்கில் ஒருவர் ஏதோ ஒரு கட்டத்தில் வீட்டோடோ படுக்கையோடோ முடங்கிப்போகிறார்கள். அவர்களை மருத்துவமனை வரிசையில் யாரும் பார்ப்பதில்லை. வர முடியாததால் கணக்கிலும் வருவதில்லை. உங்கள் மருத்துவரை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். அக்கா எவ்வளவு விழுங்குகிறார் என்பதை அவர் பார்க்க வேண்டும். எடை இறங்கினாலோ, மெல்லுவதும் விழுங்குவதும் சிரமமானாலோ அது அவசரம்; குழாய் வழி உணவு பற்றி அன்றே பேச வேண்டும். நாளைக்குச் சரியாகும் என்று விட்டுவிடக் கூடாது. நாள் முழுவதும் அசையாமல் கிடப்பவருக்குப் படுக்கைப்புண் வரும், காலில் இரத்தம் உறையும். இரண்டையும் தடுக்க என்ன செய்யலாம் என்று அவரிடமே கேளுங்கள்.

அறைக்குள் ஒரு நாளைக்கு எத்தனை முறை போகிறீர்கள் என்று எண்ணுங்கள். தண்ணீர், மாத்திரை, துணி என்று தனித்தனியாகப் போவதை ஒரே நடையாக்குங்கள். நேரத்தை மாற்றாதீர்கள், எதிர்பாராமல் கதவு திறப்பதே அவருக்கு ஓர் அதிர்ச்சி. வாசனைப் பூச்சு வேண்டாம். கீல்களுக்கு எண்ணெய் விடுங்கள். உள்ளே போனதும் சற்று நின்று, அவர் கண் உங்களைப் பார்த்த பிறகு அருகில் செல்லுங்கள். கேள்வி கேட்டால் ஆம், இல்லை என்று விரலால் பதில் சொல்லக்கூடியதாகக் கேளுங்கள்: ஒரு விரல் ஆம், இரண்டு விரல் இல்லை. "என்ன வேண்டும்?" என்று கேட்டால் அவர் யோசிக்க வேண்டியிருக்கும். "தலையணையை உயர்த்தட்டுமா?" என்று கேட்டால் ஒரு விரல் போதும். ஒரு நாளைக்கு ஒரு கேள்விதான் முடியும் என்றால் அந்த ஒன்றை முன்னாலேயே யோசித்து வைத்துக்கொண்டு போங்கள்.

உங்களைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை நீங்கள். வாரத்தில் ஒரு பகலாவது வேறு யாராவது உங்கள் இடத்தில் இருக்கட்டும். அதற்கு முன் அவருக்கும் அந்த விரல் கணக்கைச் சொல்லிக்கொடுத்துவிடுங்கள்.